ஓட்டைக் குடையும் ஒன்பது குப்பிகளும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், எழுத்தாளராகவும் நூல் வடிவமைப்பாளராகவும் இருக்கும் ஒருவர் நடத்திவரும் சிறிய கண்காட்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே அறை, பதினான்கு பொருள்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அவரே எழுதி, எழுத்துரு தேர்ந்து, அச்சிட்ட ஒரு விளக்கச் சீட்டு. முப்பத்தொரு ஓட்டைகள் கொண்ட கறுப்புக் குடை ஒன்று, ‘மழையைத் தவணை முறையில் பெறுவதற்கு’ என்ற சீட்டுடன் தொங்குகிறது. வெற்றுச் சுவரில் ஒரு பித்தளைக் கைப்பிடி மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது. சீட்டில் ‘தள்ளவும்’ என்றிருக்கிறது. ஒரு மர அளவுகோலில் சென்டிமீட்டர்கள் போகப் போக நீள்கின்றன. அதன் பெயர் ‘காத்திருப்பவர்களுக்கான அளவுகோல்’. அறையின் கோடியில் ஒன்பது கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. பென்சிலால் எழுதிய ஒரு கடிதத்தின் பல வரைவுகளிலிருந்து அழிக்கப்பட்ட சொற்களின் ரப்பர்த் துகள்கள் அவற்றில் இருக்கின்றன. எந்தக் குப்பியில் எந்தச் சொல் என்பதைச் சீட்டுகள் சொல்கின்றன.

இனி, கேள்விகள்.

கேள்வி: நானும் என் மகளும் இந்தக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பியபின், நம்மை யாரோ ஏமாற்றிவிட்டார்களோ என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. நாங்கள் பார்த்தது கலையா, வெறும் வேடிக்கையா? (ஒரு வாசகி)

அந்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்துகிற பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று சொல்வது கடினம். நம் இலக்கணத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. தொல்காப்பியர், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகள் எட்டையும் அடுக்கும்போது அழுகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்னால் நகையை, அதாவது சிரிப்பைத்தான் வைக்கிறார். அந்த நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறார். நாம் இன்று நகைச்சுவை என்று பெரும்பாலும் அனுபவிப்பது முதலாவதைத்தான். யாரோ ஒருவர் இளக்காரத்துக்கு உள்ளாகிறார், மற்றவர்கள் சிரிக்கிறோம். நீங்கள் பார்த்த அறையில் எள்ளல் ஏறக்குறைய இல்லை. அங்கே இருப்பது மற்ற மூன்றும். உலகம் எப்படி இயங்குகிறதென்று சரியாகத் தெரியாத, ஆனால் மிகுந்த சிரத்தையுள்ள ஒருவர் அந்தப் பொருள்களைச் செய்திருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தக் கற்பனை மனிதரின் அறியாமையில் நமக்கு ஒரு வாஞ்சை உண்டாகிறது. எள்ளல் கேட்டுச் சிரித்த பிறகு அந்த வாஞ்சை மிஞ்சுவதில்லை.

ஏமாற்றப்பட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடையை நினைவில் கொண்டுவாருங்கள். நான் கிட்டப் போய் மூக்கு படும் தொலைவில் நின்று பார்த்தேன். முப்பத்தொரு ஓட்டைகளின் விளிம்புகளையும் சட்டையின் பொத்தான் துளைக்குத் தைப்பதுபோலக் கறுப்பு நூலால் நெருக்கமாக முடிந்து தைத்திருக்கிறார்கள். ஒரு ஓட்டைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். ஓட்டைகளை வெறுமனே கிழித்து விட்டிருந்தால் அது பழைய குடை. விளிம்பைத் தைத்தவுடன் ஓட்டை ஒரு வசதியாக மாறிவிடுகிறது, யாரோ ஒருவர் கேட்டு வாங்கிய வசதியைப் போல. ஏமாற்ற நினைப்பவர் இவ்வளவு தைக்க மாட்டார்.

இந்த வகைக் கண்காட்சிக்குக் கெட்டியான முன்னோடியும் உண்டு. 1882 அக்டோபரில் பாரிஸில் ழூல் லெவி என்பவர், வரையத் தெரியாதவர்களின் ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சியைத் தம் வீட்டில் நடத்தினார். ‘ஒத்திசைவற்ற கலைகள்’ என்று அந்தக் கூட்டம் தன்னை அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவர்களுடைய கண்காட்சியில் நகைச்சுவை எழுத்தாளரான அல்போன்ஸ் அல்லே ஒரு வெள்ளைத் தாளை எதுவும் வரையாமல் அப்படியே மாட்டினார். அதன் தலைப்பு, ‘பனி பொழியும் வேளையில் சோகை பிடித்த சிறுமிகளின் முதல் நற்கருணை’ என்ற பொருளில் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுச் சிவப்பில் ஒன்று வைத்தார். செங்கடற்கரையில் தக்காளி அறுவடை செய்யும், ரத்தம் தலைக்கேறிய கர்தினால்கள்! எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1915-இல், ரஷ்ய ஓவியர் மாலெவிச் ஒரு கறுப்புச் சதுரத்தை வரைந்து காட்சிக்கு வைத்தபோது அதை நவீன ஓவியத்தின் திருப்பமென்று வரலாறு குறித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒற்றை நிறத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கும் துணிவு முதலில் ஒரு வேடிக்கையாகத்தான் உலகத்துக்குள் நுழைந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: எழுதத் தெரிந்தவர் எழுதிவிட்டுப் போகலாமே. குடையையும் குப்பியையும் தூக்கிக்கொண்டு ஏன் வர வேண்டும்? (நீண்டநாள் வாசகர், எழுத்தாளரும்கூட)

கேள்வியில் கொஞ்சம் தொழில் பொறாமை தெரிகிறது. அது என்னிடமும் உண்டென்பதால் மன்னித்துவிடுகிறேன்.

எழுத்தும் வடிவமும் வேறு வேறு ஆட்களின் வேலை என்பது அச்சுத்தொழில் பிரித்துக் கொடுத்த பங்கீடு. நம் சித்திரகவிகளை எண்ணிப் பாருங்கள். பாம்புகள் பின்னிக் கிடக்கும் படத்துக்குள் எழுத்துகளை இட்டு, உடல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொருந்தும்படி நாகபந்தம் கட்டியவர் கவிஞரா, வடிவமைப்பாளரா? ஏறியும் இறங்கியும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிச் செல்லும் எழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் அடுக்கிக் காட்டினார்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பண்டிதர்கள் சிலர் இவற்றையெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கியதும் உண்டு. விளையாட்டுதான், ஆனால் ஒரு எழுத்து பிசகினால் பாம்பின் உடல் அறுந்துவிடும் விளையாட்டு.

தாகூரின் கதை இதைவிட நேரடியானது. 1924 வாக்கில், கவிதைக் கையெழுத்துப் படிகளில் வேண்டாமென்று அடித்த சொற்களை அவரால் அப்படியே விட முடியவில்லை. அடித்த இடங்களைக் கோடுகளால் இணைத்தார். அந்தக் கோடுகள் பறவையாகவும் இன்னதென்று சொல்ல முடியாத விலங்காகவும் மாறின. அங்கிருந்து தொடங்கியவர், எழுபதை நெருங்கும் வயதில், 1930-இல் பாரிஸின் பிகால் காட்சிக்கூடத்தில் தம் முதல் ஓவியக் கண்காட்சியை வைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தவர், பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே வைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வாழ்நாள் முழுவதும் சொற்களோடு இருந்தவருக்குச் சொல்லில்லாத ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது. அடித்த சொற்களிலிருந்து அவர் படம் எடுத்தார். நம் கண்காட்சிக்காரர் அழித்த சொற்களைக் குப்பியில் அடைத்திருக்கிறார். உறவு தெரிகிறதல்லவா?

தலைப்பைக் கைவிடாமல் எதிர்த்திசையில் போனவர் துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக். கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டு எழுத வந்தவர் அவர். 2008-இல் வெளியான தம் நாவலின் பெயரிலேயே 2012-இல் இஸ்தான்புல்லில் ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்தார். நாவலின் எண்பத்து மூன்று அத்தியாயங்களுக்கு எண்பத்து மூன்று காட்சிப் பெட்டிகள். கதையின் நாயகி புகைத்துப் போட்டவையாக 4,213 சிகரெட் துண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் கையால் எழுதிய குறிப்போடு, ஒரு சுவர் முழுவதும் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெண் பிறக்கவே இல்லை. துண்டுகளோ எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. வெறும் எழுத்தில் ‘ஏராளமான சிகரெட் துண்டுகள்’ என்று எழுதிக் கடந்துவிடலாம். பொருளாக வைக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எண்ணியே ஆக வேண்டும்.

கேள்வி: சுவரில் இருந்த கைப்பிடியை உண்மையிலேயே தள்ளலாமா? எனக்குத் துணிவு வரவில்லை. (கல்லூரி மாணவர்)

தள்ளலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார். நான் அங்கே நின்றிருந்த அரை மணி நேரத்தில், பெரியவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தள்ளினார்கள், குழந்தைகள் சுற்றுமுற்றும் பார்க்காமல் தள்ளினார்கள். சுவர் யாருக்கும் திறக்கவில்லை. மற்றப் பொருள்களைத் தொட வேண்டாம். தொடாமலேயே தொட்டதுபோல் இருக்கும் பொருள்களும் உண்டு. 1936-இல் மெரெட் ஓப்பன்ஹைம் என்ற கலைஞர் ஒரு கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் விலங்கின் உரோமத்தால் போர்த்தி வைத்தார். அது இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தாலே நாக்கில் உரோமம் ஒட்டியதுபோல் இருக்கும்.

கேள்வி: ஒரு பொருளின் முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

சீட்டை இரண்டாம் முறை படிக்கத் தோன்றும்வரை. தோன்றவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். பதினான்கில் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். காலியான படச்சட்டத்தை வைத்திருக்கிறாரே, அது எல்லோரும் செய்து அலுத்தது.

கேள்வி: பயனில்லாத பொருளைச் செய்து வைப்பதற்கு ஒரு கலைஞர் எதற்கு? என் பேரன் தினமும் இதைத்தான் செய்கிறான். (ஓய்வுபெற்ற பொறியாளர்)

ஐயா, பேரன் செய்வதைத் தொடரட்டும். அவனிடம் ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள். ஆனால் பயனின்மை என்பது தாங்கள் நினைப்பதைவிடக் கடினமான பொறியியல்.

இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1933 முதல் ‘பயனற்ற இயந்திரங்கள்’ என்று பெயரிட்டுச் சிலவற்றைச் செய்தார். வண்ணம் பூசிய அட்டைகளும் மெல்லிய குச்சிகளும் நூலில் தொங்கி, காற்று பட்டால் மெதுவாகச் சுழலும். குழந்தைகளுக்கான நூல்களையும் வடிவமைப்பைப் பற்றிய நூல்களையும் எழுதியவர் அவர். ஏன் பயனற்றவை என்றால், அவை எந்தச் சரக்கையும் உற்பத்தி செய்வதில்லை, யாருடைய வேலையையும் பறிப்பதில்லை, நேரத்தையோ பணத்தையோ மிச்சப்படுத்துவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். கொஞ்சம் யோசித்தால், பயனுள்ள இயந்திரங்களின் மேல் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகைபோல அது ஒலிக்கும்.

பொறியாளரான தங்களுக்கு இன்னும் பிடிக்கக்கூடியது ஜப்பானின் ‘சிந்தோகு’. பத்திரிகை ஆசிரியராகவும் வடிவமைப்பாளராகவும் இருந்த கென்ஜி கவகாமி உருவாக்கிய சொல் அது. விசித்திரக் கருவி என்று பொருள் கொள்ளலாம். இதற்கு அவர் பத்து விதிகள் வகுத்தார். கருவி உண்மையான பயன்பாட்டுக்கு உரியதாக இருக்கக் கூடாது. ஆனால் அது படமாகவோ யோசனையாகவோ நின்றுவிடாமல் கையில் எடுக்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். விற்கக் கூடாது, காப்புரிமை பெறக் கூடாது. சிரிக்க வைப்பது மட்டுமே அதன் நோக்கமாகவும் இருக்கக் கூடாது. இவற்றில் இரண்டாவது விதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘ஓட்டையுள்ள குடை’ என்று சொல்லிவிட்டுப் போவது யாராலும் முடியும். அதைச் செய்யத் தொடங்கினால்தான், முப்பத்தொன்று அதிகமா, ஓட்டைகள் ஒரே அளவில் இருக்கலாமா, விரித்தால் துணி தாங்குமா என்ற கேள்விகள் வருகின்றன. ஓட்டைகள் சீராக இருந்தால் அது வடிகட்டியாகிவிடும். தாறுமாறாக இருந்தால் எலி கடித்த குடையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்துத் தைத்தவரின் கண்ணுக்குத்தான் நாம் நேரம் ஒதுக்குகிறோம்.

இந்த விதிகளுக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. கவகாமியின் தொகுப்பு 1995-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளக் கேமராவை மாட்டும் ஒரு நீளக் குச்சியும் பயனற்ற கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதில் இருந்தது. இன்று அந்தக் குச்சி எத்தனை பேர் கையில் இருக்கிறதென்று தங்களுக்குத் தெரியும். பேரனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுக்கச் சொன்னது இதனால்தான்.

கேள்வி: நான் பத்திரிகை ஒன்றில் பக்க வடிவமைப்பாளர், கொஞ்சம் எழுதவும் செய்வேன். இதேபோல ஒரு கண்காட்சி வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

சீட்டிலிருந்து தொடங்குங்கள். பொருளைச் செய்து முடித்தபின் அதற்கு வேடிக்கையாக ஒரு தலைப்பு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப் போகிறார்கள். சீட்டும் பொருளும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டும், அல்லது ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்ல வேண்டும். 1929-இல் பெல்ஜிய ஓவியர் மக்ரித் ஒரு புகைக்குழாயைத் துல்லியமாக வரைந்து, கீழே ‘இது புகைக்குழாய் அன்று’ என்று பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினார். அந்தக் கையெழுத்து அலங்காரமாக இருந்திருந்தால் விஷயம் கெட்டிருக்கும். ஆகவே சீட்டில் கிறுக்கு எழுத்துரு வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம். மருந்துப் பெட்டியில் வரும் குறிப்பைப் போல, பற்றற்ற, சுத்தமான மொழியில் இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் ஒரு சீட்டுக்கு ஐம்பது அறுபது சொற்கள் என்பது பரவலான வழக்கம். உங்களுக்கு இருபது போதும். எழுத்து பதினெட்டுப் புள்ளிக்குக் குறைய வேண்டாம், ஏனென்றால் குனிந்து கண்ணைச் சுருக்கிப் படிக்கிறவருக்குச் சிரிப்பு வராது.

பொருளில் ஒரே ஒரு இடத்தில்தான் உலகம் பிசக வேண்டும். அந்த அளவுகோலைப் பாருங்கள். மரம் நல்ல மரம், ஓரத்தில் வழக்கமான உலோகப் பட்டை, எண்கள் வழக்கமான எண்கள். சென்டிமீட்டர் மட்டும் நீள்கிறது. இரண்டாவதாக ஒரு வினோதத்தையும் சேர்த்தீர்களென்றால் பார்ப்பவர் எதையும் நம்ப மாட்டார்.

படங்கள் இருந்தால் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். காகிதப் படைப்புகளுக்கு ஒளி 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியக வழக்கம். இவையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கவிஞரும் செதுக்கோவியருமான வில்லியம் பிளேக் 1809-இல் லண்டனில், தம் சகோதரரின் காலுறைக் கடைக்கு மேலிருந்த அறைகளில் பதினாறு படங்களை வைத்தார். கூடவே ஒரு நீண்ட விவரப் பட்டியலையும் எழுதி அச்சிட்டார். அதில் தம் படங்களை விளக்கியதோடு நிற்காமல், பிடிக்காத ஓவியர்களையெல்லாம் வம்புக்கு இழுத்தார். ஒரு படம்கூட விற்கவில்லை. அச்சில் வந்த ஒரே மதிப்புரை அவரைப் பித்தர் என்றது. பிளேக் பிளேக் என்பதால் காலம் அவரைக் காப்பாற்றிவிட்டது. நீங்களும் நானும் பட்டியலைச் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: குப்பி வரிசையில் ஏழாவது சீட்டில் ‘வருத்தம்’ என்பது ‘வறுத்தம்’ என்று அச்சாகியிருக்கிறது. இதுவும் அவருடைய விளையாட்டா? (மெய்ப்புத் திருத்துநர், முப்பது ஆண்டு அனுபவம்)

தங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் தமிழ் பிழைத்திருக்கிறது. நான் போனபோது இதைக் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கடிதம் வந்த அன்றே அவரைத் தொலைபேசியில் கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, விளையாட்டில்லை, பிழைதான், மூன்று பேர் மெய்ப்புப் பார்த்த சீட்டு அது என்றார்.

புதிய சீட்டு அடித்து மாற்றிவிட்டார். ஆனால் அதற்கு முன், பழைய சீட்டிலிருந்த ‘று’வை அதே ரப்பரால் அழித்துப் பார்த்திருக்கிறார். அச்சு மை போகுமா? தாளின் நார்தான் கிளம்பியிருக்கிறது. அந்தத் துகளையும் ஒரு குப்பியில் எடுத்து, வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறார். நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தாவது குப்பியின் சீட்டில் ‘று’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருக்கிறது.